17 வயதுப் பையன் கையில் கத்தி: கும்பல் அவனை ஏன் தேடுகிறது, சட்டம் அவனை எப்படிப் பார்க்கிறது?

செய்தியில் இரண்டே வரிதான் வரும். கொலை வழக்கில் ஐந்து பேர் பிடிபட்டார்கள், நான்கு பேர் சிறையில், 17 வயதுச் சிறுவன் மட்டும் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில். மறுநாள் இன்னொரு துணுக்கு: பையன் நன்றாகப் படித்தவன், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். இதைப் படிப்பவர்கள் உடனே கேட்பது மூன்று கேள்விகள். படிக்கிற பையன் எப்படி இதில் போய் விழுந்தான்? கத்தி எடுத்தவனை எதற்குச் 'சிறுவன்' என்கிறார்கள்? மூன்று வருஷத்தில் வெளியே வந்துவிடுவானாமே?

மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை: அவனை அந்த இடத்துக்கு அனுப்பிய பெரியவர் மீது என்ன வழக்கு? அடிப்படையிலிருந்து ஆரம்பித்து அங்கே போய்ச் சேருவோம்.

கும்பல் என்றால் எது?

தமிழ்நாட்டில் 'கேங்' என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம்.

1. தெருக் கூட்டம். ஒரே தெருவில், ஒரே மைதானத்தில் வளர்ந்த பையன்கள். கிரிக்கெட், கேரம், கோயில் திருவிழா, பிறந்தநாள் பேனர். இதில் குற்றம் எதுவும் இல்லை.

2. ரூட்டுக் கூட்டம். பேருந்துத் தடத்தையோ ரயில் தடத்தையோ வைத்துச் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சேரும் அணி. அதற்கு ஒரு 'ரூட்டு தல'. அடிதடி உண்டு, சில நேரம் உயிரும் போயிருக்கிறது. ஆனால் இதில் வருமானம் கிடையாது. படிப்பு முடிந்தால் பெரும்பாலும் கலைந்துவிடும்.

3. ரவுடிக் கும்பல். இதற்கு வருமானம் உண்டு: கஞ்சா, போதைக்காக விற்கும் வலி மாத்திரை, மாமூல், கட்டப் பஞ்சாயத்து, நிலத் தகராறு, கூலிக்கு அடி. தலைவர், அவருக்குக் கீழே ஆட்கள், எதிர்க் கும்பல், பழிக்குப் பழி எல்லாம் உண்டு. காவல் நிலையத்தில் சரித்திரப் பதிவேடு இருப்பவர்கள் நடத்துவது இது.

நாம் பேசப்போவது முதலாவது எப்படி மூன்றாவதுக்கு ஆள் தரும் ஊற்றாகிறது என்பதைத்தான். தெற்கு மாவட்டங்கள் பலவற்றில் இந்த அணிக் கோடு சாதிக் கோடாகவும் இருக்கிறது. அதன் கணக்கே வேறு, இங்கே அதற்குள் போகவில்லை.

விளையாட்டுக் கூட்டம் கும்பலாகும் விதத்தை 1927லேயே ஒருவர் விரிவாக எழுதிவிட்டார். சிகாகோவில் 1,313 கும்பல்களைப் பட்டியலிட்ட சமூகவியலாளர் பிரெடரிக் திராஷர் சொன்னது இது: தெருவில் சேர்ந்து விளையாடும் பையன்களைக் கும்பலாக இறுக்குவது வெளியிலிருந்து வரும் மோதல். பக்கத்துத் தெருப் பையன்கள் அடித்தார்கள், போலீஸ் விரட்டியது, அதனால் நாம் ஒன்று. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியும் அந்த வரி அப்படியே பொருந்துகிறது. 'நம்ம ஏரியாப் பையனை அவன் எப்படிக் கை வைக்கலாம்' என்பதில்தான் பல கதைகள் தொடங்குகின்றன.

மந்தமானவனை அல்ல, கெட்டிக்காரனைத்தான் தேடுவார்கள்

'படிக்கிற பையன் போய்...' என்ற வியப்பில் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. போக்கிடம் இல்லாதவன்தான் கும்பலுக்குப் போவான் என்று நினைத்துக்கொள்கிறோம். கும்பலின் பக்கமிருந்து பாருங்கள். உளறுபவன், பயந்து ஓடுபவன், சொன்னதை மறப்பவன் அவர்களுக்குச் சுமை. ஆளை அடையாளம் பார்த்துவிட்டு வர, வண்டி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள, ஒருவன் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறான் என்று நாலு நாள் கவனிக்க, பணத்தை எண்ணிக் கொண்டுவந்து கொடுக்க ஒரு கூர்மையான பையன் வேண்டும்.

கூடவே அவனிடம் பெரியவர்களிடம் இல்லாத இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, அவன் படம் எந்தக் காவல் நிலையத்திலும் இல்லை. பள்ளிச் சீருடையில் புத்தகப் பையோடு போகிறவனை வாகனச் சோதனையில் யாரும் நிறுத்த மாட்டார்கள். இன்னொன்று, அவனுக்கு 18 ஆகவில்லை. 'மாட்டினாலும் உனக்கு ஒண்ணும் ஆகாதுடா, ஸ்கூல் மாதிரி ஒரு இடத்துல வெச்சிருந்து அனுப்பிடுவாங்க' என்று சொல்லித்தான் பல பையன்களைத் தயார் செய்கிறார்கள். இது எவ்வளவு பெரிய அரைப் பொய் என்பதைச் சட்டப் பகுதியில் பார்ப்போம்.

இன்னொரு கணக்கும் தவறு. பெற்றோர் இல்லாத, தெருவில் கிடக்கும் பிள்ளைகள்தான் குற்றத்துக்குப் போகிறார்கள் என்பது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல்களில் பிடிபடும் சிறார்களில் மிகப் பெரும்பான்மையினர் பெற்றோருடன் வாழ்ந்தவர்கள்தான். வயதைப் பார்த்தால் முக்கால்வாசிக்கும் மேல் 16 முதல் 18க்குள். வீடு இருக்கிறது, அம்மா அப்பா இருக்கிறார்கள். அப்புறம் என்ன இல்லை?

நேரம் இல்லை. விடிவதற்கு முன்னே வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் பெற்றோர். பள்ளி விட்ட பிறகு இரவு வரைக்கும் அவன் யார் கண்ணிலும் இல்லை. ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் கிடையாது, தெருமுனையில் இடம் உண்டு. அடுத்தது முகவரி. சென்னை நகரத்துக் கரையோரக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் வெகுகாலமாகச் சொல்லிவரும் குறை ஒன்று உண்டு: வேலை கேட்டுப் போன இடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறது. அந்தக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒழுங்காகப் படித்து வேலைக்குப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் 16 வயதில் எந்தத் தப்பும் செய்யாமலே சந்தேகப் பார்வை வாங்குபவனிடம், 'எப்படியும் உன்னைத் திருடன்னுதான் சொல்லப்போறாங்க' என்று ஒருவன் சொன்னால் அது காதில் ஏறும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் முழுத் தடை விதிப்பதும் 14 வயது வரைக்கும்தான். அதற்கு மேல் அபாயமான தொழில்களுக்கு மட்டுமே தடை. தமிழ்நாட்டில் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி இருக்கிறது, உண்மை. ஆனால் 15 வயதுப் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினால் அவனைத் திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. கேட்டரிங், தண்ணீர் கேன், பந்தல் வேலை, மெக்கானிக் கடை என்று நாள்கூலியில் சுற்ற ஆரம்பிப்பது இந்த இடைவெளியில்தான். கும்பல் ஆள் தேடுவதும் இங்கேதான்.

படிப்படியாக இழுப்பது

யாரும் முதல் நாளே கத்தியைக் கொடுப்பதில்லை. வழக்குகளில் திரும்பத் திரும்பத் தெரியும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்.

1. கவனிப்பு. ஏரியா 'அண்ணன்' பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கிரிக்கெட் பந்தயத்துக்குப் பணம் கொடுக்கிறார். பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத வீட்டில் அதையும் கட்டுகிறார். எதுவும் திரும்பக் கேட்பதில்லை.

2. வண்டி. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சொந்தமாக மிதிவண்டிகூட இல்லாத பையன் கையில் ஒரு பைக் சாவி. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வா என்கிறார்கள். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த வண்டி யாருடையது, எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்பதில்லை. பல நேரம் அது திருட்டு வண்டியாகவே இருக்கும், அதாவது தெரியாமலே அவன் முதல் வழக்குக்குள் வந்துவிட்டான்.

3. சின்ன வேலை. 'இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துட்டு வா.' 'அவன் வீட்ல இருக்கானான்னு பாத்துட்டு வா.' இரண்டாவது வாக்கியம் பெரும்பாலும் 'ஸ்கெட்ச்', அதாவது ஒருவரைத் தாக்கத் திட்டம் போடுவதன் ஒரு துண்டு. பையனுக்கு அது தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம்.

4. கடன். காசாக இருக்காது, நன்றியாக இருக்கும். அக்கா கல்யாணத்துக்கு அண்ணன் செய்தார், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரத்தம் கொடுக்க ஆள் அனுப்பினார். இனி 'முடியாது' என்றால் அது துரோகம்.

5. வீடியோ. இது கடந்த சில வருஷங்களில் வந்தது. பட்டாக்கத்தியோடு ஒரு ரீல்ஸ், பின்னணியில் பாட்டு. கெத்துக்காக எடுத்ததுதான், ஆனால் எதிர்க் கும்பலும் அதைப் பார்க்கிறது. அந்த நிமிஷத்திலிருந்து அவன் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறான், வெளியே தனியாக நடக்க முடியாது, பாதுகாப்புக்காகவே கும்பலோடு இருந்தாக வேண்டும்.

6. 'சம்பவம்'. கூட வந்தால் போதும் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஐந்தாவது படியைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அதுவரை பையன் திரும்பி வீட்டுக்குப் போய்விட முடியும். அதற்குப் பிறகு அவன் விரும்பினாலும் மற்றவர்கள் விட மாட்டார்கள்.

அந்த வயதுக்கு என்ன?

'விவரம் தெரிந்த வயசுதானே' என்ற வாதத்துக்கு ஆய்வுகள் தரும் பதில் பாதி ஆமாம், பாதி இல்லை. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். தனியாக ஆடியவர்களும் உண்டு, நண்பர்கள் பார்க்க ஆடியவர்களும் உண்டு. 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருந்ததால் பெரிய மாற்றம் இல்லை. 13 முதல் 16 வயதுக்காரர்களோ நண்பர்கள் பார்க்கும்போது மிகக் கூடுதலாக ஆபத்தைத் தேடினார்கள். அதாவது இந்த வயதில் தனியே உட்கார வைத்துக் கேட்டால் சரி தப்பு தெளிவாகச் சொல்வான். நாலு பேர் முன்னால் அதே மூளை வேறு மாதிரி முடிவெடுக்கிறது. கும்பல் குற்றம் எப்போதும் நாலு பேர் முன்னால்தான் நடக்கிறது.

டெர்ரி மோஃபிட் 1993இல் எழுதிய ஆய்வுரை இன்னொரு முக்கியமான பிரிவைச் சொன்னது. வாழ்நாள் முழுக்கக் குற்றத்தில் இருப்பவர்கள் ஒரு சிறு கூட்டம், அவர்களின் பிரச்சினை சின்ன வயதிலேயே தெரியும். மிகப் பலருக்கோ இது பதின்ம வயதில் வந்து, வளர்ந்ததும் போய்விடும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்விலும் கும்பலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் தங்கவில்லை. கும்பலில் இருந்த காலத்தில் குற்றங்கள் கூடின, வெளியே வந்ததும் குறைந்தன. இவை வெளிநாட்டுத் தரவுகள்தான். ஆனால் இந்தியச் சட்டம் சிறாரைத் தனியாக நடத்துவதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் இதுவே: இந்தப் பையன்களில் பலர் தாமாகவே வெளியே வந்துவிடக் கூடியவர்கள், அதற்குள் நாம் அவர்களை நிரந்தரக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது.

பணத்துக்காகப் போகிறான் என்பதும் முழு உண்மை இல்லை. ஸ்டீவன் லெவிட், சுதிர் வெங்கடேஷ் இருவரும் சிகாகோ போதைக் கும்பல் ஒன்றின் கணக்குப் புத்தகத்தையே ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள். மேலே இருப்பவர் நன்றாகச் சம்பாதித்தார். கீழே தெருவில் நின்ற பையன்களுக்குக் கிடைத்தது ஏறக்குறையக் குறைந்தபட்சக் கூலி அளவுதான், உயிர் ஆபத்து தனி. ஒருநாள் மேலே இருப்பவராக ஆகலாம் என்ற நம்பிக்கையில்தான் நின்றார்கள். எங்கேயும் அடிமட்டத்தில் இருப்பவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிரியாணியும் பெட்ரோலும் மரியாதையும்தான்.

பிடிபட்டால் என்ன நடக்கும்?

இளைஞர் நீதிச் சட்டம், 2015 (2016 ஜனவரி 15 முதல் அமலில் உள்ளது) இதைக் கையாள்கிறது. குற்றம் நடந்த நாளில் 18 நிறையாதவர் அனைவரும் சிறார். பிடிபட்ட நாளில் 19 ஆகியிருந்தாலும் சரி, சம்பவ நாளின் வயதுதான் கணக்கு.

1. முதல் 24 மணி நேரம். லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது, கைவிலங்கு கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்.

2. பெயரும் படமும். வெளியிடுவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். கைதானவனின் பள்ளிப் பெயர், தெருப் பெயர் எல்லாம் வாட்ஸப்பில் சுற்றுவது இந்தத் தடையை மீறித்தான்.

3. ஜாமீன். எந்தக் குற்றமானாலும் சிறாருக்கு ஜாமீன்தான் விதி. மறுப்பதற்கு மூன்று காரணங்கள் மட்டுமே உண்டு: தெரிந்த குற்றவாளியோடு மறுபடி சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடல், மன, ஒழுக்க ரீதியாக ஆபத்து, அல்லது நீதியின் நோக்கம் கெடும். கும்பல் வழக்கில் முதல் இரண்டும் அப்படியே பொருந்தும். எனவே 'ஒண்ணும் ஆகாதுடா' என்று அனுப்பப்பட்ட பையன்தான் மற்றச் சிறாரைவிட ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருக்கும் வாய்ப்பு அதிகம்.

4. எந்த வகைக் குற்றம்? சட்டத்தில் மூன்று வகை. சிறு குற்றம்: அதிகபட்சம் மூன்று ஆண்டு தண்டனை உள்ளவை. கடுங்குற்றம்: அதற்கு மேலே. கொடுங்குற்றம்: குறைந்தபட்சமே ஏழு ஆண்டு என்று எழுதப்பட்டவை. 'குறைந்தபட்சம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே சற்று நிற்க வேண்டும். கொலை முயற்சிக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம், ஆனால் பொதுவாகக் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. எனவே ஒருவரைக் கத்தியால் குத்தி அவர் பிழைத்துக்கொண்டால் அது சிறாரைப் பொறுத்தவரை 'கடுங்குற்றம்'. 2020 ஜனவரியில் ஷில்பா மித்தல் வழக்கில் குறைந்தபட்சத் தண்டனை இல்லாத இத்தகைய குற்றங்கள் கொடுங்குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 2021 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதியது. இன்னொரு பக்கம், பயங்கர ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடித்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாயச் சட்டத்தின் 311ஆம் பிரிவில் தண்டனை ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது. ஆக, கத்தியைக் காட்டிச் செல்போன் பறித்ததாக அந்தப் பிரிவில் வழக்குப் போட்டால் அது 'கொடுங்குற்றம்'. குத்தியவனுக்குக் கீழ்ப்படி, போன் பறித்தவனுக்கு மேல்படி. எழுதியவர்கள் இதை எண்ணிச் செய்திருப்பார்கள் என்று தோன்றவில்லை, ஆனால் இன்று சட்டம் இப்படித்தான் நிற்கிறது. எந்தப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள் என்பதே பையனின் பாதையைத் தீர்மானித்துவிடும்.

5. முன் மதிப்பீடு. 16 நிறைந்தவர் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் மட்டும் குழுமம் மூன்று மாதத்துக்குள் ஒரு மதிப்பீடு செய்ய வேண்டும். செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்ததாகச் சொல்லப்படுகிறது? இதைப் பார்த்துப் பெரியவர் போல விசாரிக்கலாம் என்று தோன்றினால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். குழுமத்தில் உளவியல் தகுதி உள்ளவர் இல்லையென்றால் நிபுணர் உதவி பெற்றே ஆக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

'மூன்று வருஷம்' என்ற கணக்கு

2012 டெல்லி கூட்டு வல்லுறவு வழக்கில் ஒருவனுக்கு 18 ஆகச் சில மாதங்கள் குறைந்தன, பழைய சட்டப்படி மூன்று ஆண்டில் 2015 டிசம்பரில் வெளியே வந்தான். மக்கள் மனதில் பதிந்தது அதுதான். அதே மாதம் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றிவிட்டது என்பது அவ்வளவாகப் பதியவில்லை.

குழுமமே வழக்கை முடித்தால் உச்ச வரம்பு இன்றும் மூன்று ஆண்டு, அதுவும் சிறப்பு இல்லத்தில். குழந்தைகள் நீதிமன்றம் பெரியவர் போல விசாரித்துத் தண்டித்தால் அந்த வரம்பு கிடையாது. தூக்கும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுளும் மட்டும் கூடாது. 21 வயது வரை 'பாதுகாப்பிடம்' எனும் தனி இடம், அப்போது ஒரு மதிப்பீடு, திருந்தியதாகத் தெரியாவிட்டால் மீதிக் காலம் சிறை. அண்ணன் சொன்ன 'ஸ்கூல் மாதிரி இடம்' இதுதான்.

சிறாரை வைக்கும் இல்லங்கள் எப்படி இருக்கின்றன? 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான், அடித்ததாக ஊழியர்களே கைதானார்கள். பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒரு நபர் குழு அமைத்து இந்த இல்லங்களைப் பற்றி அறிக்கை வாங்கியது. அடி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேறு வேறு ஏரியாப் பையன்கள் அறிமுகமாகிப் பழகுவதும் அங்கேதான்.

பெரியவர் எங்கே?

இனி நான்காவது கேள்வி. சட்டத்தில் வழியில்லாமல் இல்லை, தாராளமாகவே இருக்கிறது.

1. பாரதிய நியாயச் சட்டம், 95ஆம் பிரிவு (2024 ஜூலை 1 முதல்): குற்றம் செய்யச் சிறாரை வேலைக்கு வைப்பவருக்கும் ஈடுபடுத்துபவருக்கும் மூன்று முதல் பத்து ஆண்டு சிறை. அந்தக் குற்றம் நடந்துவிட்டால், தானே செய்ததற்கான தண்டனை.

2. இளைஞர் நீதிச் சட்டம், 83(2): சட்டவிரோதச் செயலுக்குச் சிறாரைத் தனியாகவோ கும்பலாகவோ பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம்.

3. அதே சட்டம், 78: மது, போதைப் பொருள் விற்க, கடத்தச் சிறாரைப் பயன்படுத்தினால் ஏழு ஆண்டு வரை.

மேலே சொன்ன படிகளை வைத்துப் பாருங்கள். 'இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துட்டு வா' என்று சொன்ன அன்றே, அதாவது மூன்றாவது படியிலேயே, அண்ணன் ஏழு ஆண்டுக்கான குற்றத்தைச் செய்துவிட்டார். கொலை வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் கைதுச் செய்திகளில் கொலைப் பிரிவு, ஆயுதப் பிரிவு என்று வரிசையாக வரும், இந்தப் பிரிவுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு காகிதத்தைப் பார்த்தால் போதும். 2016 மாதிரி விதிகளின்படி ஒரு சிறாரைப் பிடித்ததும் காவல்துறை 'படிவம் 1' என்ற சமூகப் பின்னணி அறிக்கையை நிரப்ப வேண்டும். பெயர், வயது, குடும்ப வருமானம், படிப்பை விட்ட காரணம், பழக்கங்கள், நண்பர்கள் என்று போகும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: இந்தச் சிறாரைக் கும்பலோ பெரியவர்களோ பயன்படுத்தினார்களா, போதைப் பொருள் கடத்தப் பயன்படுத்தினார்களா? அந்த ஒரு வரிக்கு 'ஆம்' என்று எழுதினால் புதிதாக ஒரு விசாரணை தொடங்க வேண்டும். பையனும் வாயைத் திறக்க மாட்டான். வெளியே அம்மாவும் தம்பியும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள், வக்கீலை ஏற்பாடு செய்ததே அண்ணனாக இருக்கலாம். 'கேஸை நீ எடுத்துக்கோ' என்ற ஏற்பாடு நடப்பதும் இங்கேதான். அந்த வரி 'இல்லை' என்று போய்விட்டால், முன் மதிப்பீட்டில் 'எந்தச் சூழ்நிலையில்' என்ற கேள்விக்கும் பதில் பாதியாகிவிடுகிறது. பையன் தானாகவே போய்ச் செய்தவனாகக் காகிதத்தில் நிற்கிறான்.

'17 வயசுக்கு என்ன சலுகை' என்று கோபப்படுபவர்கள் இதை யோசிக்கலாம். வயதை 16ஆகக் குறைத்தால் கும்பல் 15 வயதுப் பையனைத் தேடும். குற்றப் பொறுப்பு நெடுநாளாக 15இல் தொடங்கிய சுவீடனில் கும்பல்கள் அதற்கும் கீழே உள்ள பிள்ளைகளைச் செல்போன் வழியாகவே ஆள் எடுப்பது அண்மை ஆண்டுகளில் அங்கே பெரிய தலைவலி. சிறாரைப் பயன்படுத்துவது விலை உயர்ந்த காரியம் என்று ஆனால்தான் அது நிற்கும். அந்த விலையைக் கூட்டத் தேவையான பிரிவுகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

18ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு

சிறார் வழக்கு, பெரியவர் போல விசாரிக்கப்பட்டதாக இல்லாவிட்டால், பின்னாளில் தகுதியிழப்பாக நிற்கக் கூடாது, ஆவணத்தையும் காலம் கடந்ததும் அழித்துவிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 24ஆம் பிரிவு. காகிதத்தில் புதுவாழ்வு. காவல் நிலையத்தின் நினைவிலோ அவன் இருக்கிறான். ஏரியாவில் எது நடந்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். 18 நிறைந்தபின் அடுத்த வழக்கில் மாட்டினால் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டம், அதாவது நாம் சொல்லும் குண்டர் சட்டம், பாயலாம். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே. எதிர்க் கும்பலுக்கோ 24ஆம் பிரிவும் தெரியாது, வயதும் கணக்கில்லை.

வெளியே கொண்டுவருவதில் எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்பது பற்றி ஓரளவு தெளிவு இருக்கிறது. சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்கள் அமெரிக்காவில் பல இடங்களில் சோதிக்கப்பட்டன, தொகுத்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் குற்றம் செய்வது கூடியிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005இல் காவல்துறை வன்முறைக் குறைப்புப் பிரிவு தொடங்கி, இதைத் தொற்றுநோய் போலக் கையாண்டது: குத்துப்பட்டு மருத்துவமனைக்கு வரும் பையனிடம் அங்கேயே பேசுவது, முன்னாள் கும்பல்காரர்களையே துணைக்கு வைப்பது, உடனே வேலை, கூடவே 'அடுத்த முறை கும்பல் முழுவதும் மாட்டும்' என்ற எச்சரிக்கை. அங்கே கத்திக்குத்து பெரிதும் குறைந்தது. சென்னையில் காவல்துறையின் சிறுவர் மன்றங்கள் நெடுநாளாக இருக்கின்றன, 2022இல் 100 பள்ளிகளில் 'சிற்பி' என்ற காவல்துறைத் திட்டம் வந்தது. பள்ளிக்கு வருபவனுக்கு இவை நல்லவைதான். பள்ளியை விட்டுவிட்டுப் பந்தல் வேலைக்குப் போகும் 16 வயதுப் பையனுக்கு இவை எட்டுவதில்லை.

வீட்டில் ஒருவன் பிடிபட்டால்

1. வயதுச் சான்று. பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தான் முதல் ஆதாரம். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. சான்றிதழை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தாமதமானால் பையன் பெரியவர்களோடு சிறைக்குப் போய்விடும் ஆபத்து உண்டு.

2. வக்கீல். சிறாருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, தொலைபேசி 15100. அண்ணன் அனுப்பும் வக்கீலை மறுக்க இதுவே வழி. அவர் யாருடைய நலனுக்காக நிற்கிறார் என்பது பையனுக்குக் கடைசி வரை தெரியாமலே போகலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

3. படிவம் 1. அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று வக்கீல் மூலம் கேட்டுப் பார்க்க வேண்டும். விடுபட்டதை நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கையில் சேர்க்கச் சொல்லலாம். பைக் யார் கொடுத்தது, போன் யார் வாங்கித் தந்தது, அன்று மாலை யார் கூப்பிட்டது என்பவை எல்லாம் அதற்குள் வர வேண்டிய விவரங்கள். குழுமத்தில் கூண்டும் உயர்ந்த மேடையும் கிடையாது, எதிரில் உட்கார்ந்துதான் பேசுவார்கள். அம்மாவும் பேசலாம்.

4. ஜாமீன் கேட்கும்போது வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரியையும், அங்கே சேர இருக்கும் பள்ளியையோ ஐ.டி.ஐ.யையோ எழுத்தில் காட்டுங்கள். 'தெரிந்த குற்றவாளியோடு மறுபடி சேருவான்' என்ற மறுப்புக் காரணத்துக்கு நேர்ப் பதில் அதுதான். பழைய தெருவுக்கே திரும்பிப் போகிறான் என்றால் குழுமம் யோசிக்கும், யோசிக்கவும் வேண்டும்.